உச்சி வெயிலில் ஒரு வெந்நீர்க் கணக்கு

சோலார் போட்ட வீட்டு வாசலில் மாட்டியிருக்கும் மீட்டரை ஒரு நிமிடம் நின்று பார்த்தால் போதும். சில விநாடிக்கு ஒருமுறை திரை மாறும். ஓர் எண், மின்வாரியத்திடம் வாங்கிய யூனிட். அடுத்தது, வாரியத்துக்குக் கொடுத்தது. மார்ச் மாதத்து உச்சி வேளையில் பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறையிலோ மீனாட்சிபுரத்திலோ இரண்டாவது எண்தான் விறுவிறுவென ஏறும். பெரியவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள், பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். வீட்டுக்குள் ஓடுவது ஒரு ஃபிரிட்ஜும் ஒரு ஃபேனும்தான். மாடியில் விளையும் கரன்ட்டில் கால்வாசி செலவானாலே அதிகம், மிச்சமெல்லாம் கம்பி ஏறி வெளியே போய்விடும். மாலை ஆறரைக்கு விளக்கு, டிவி, மிக்ஸி, மோட்டார், குளியலறை ஹீட்டர் எல்லாம் ஒரே நேரத்தில் கரன்ட் கேட்கும். அப்போது மாடியில் இருட்டு. முதல் எண் ஏறத் தொடங்கும்.

பகலில் கொடுத்ததை இரவில் திரும்ப வாங்கும் இந்தக் கொடுக்கல் வாங்கலில், வெளியே போய் வர வேண்டிய அவசியமே இல்லாத செலவு ஒன்று உண்டு. அது வெந்நீர். விளக்கைப் பகலில் எரித்து இரவுக்கு எடுத்துவைக்க வழியில்லை. தண்ணீரைப் பகலில் காய்ச்சி இரவுக்கு வைத்துக்கொள்ளலாம். பாலக்காடு, இடுக்கி எல்லைப்பகுதிகளில் மாடிக்கு மாடி பேனல் ஏறிக்கொண்டிருக்கும் இந்த நேரத்தில் இந்தச் சின்ன வித்தியாசத்தை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. பேசுகிறவர்களில் பாதிப்பேர் ஏதாவது ஒரு கருவியை விற்க வந்தவர்கள்.

சத்தீஸ்கரிலிருந்து வரும் இரவு வெளிச்சம்

கேரளம் செலவழிக்கும் மின்சாரத்தில் ஏறக்குறைய 70 விழுக்காடு வெளியிலிருந்து வாங்கியது. அது வந்து சேரும் பெருவழிகளில் ஒன்று பாலக்காடு. சத்தீஸ்கரின் ராய்கரில் தொடங்கும் உயரழுத்த நேர்மின்னோட்டப் பாதை தமிழ்நாட்டுப் புகளூரில் இறங்குகிறது. அங்கிருந்து 2,000 மெகாவாட் சுமக்கும் இன்னொரு பாதை எல்லை தாண்டித் திருச்சூர் மாடக்கத்தறைக்குப் போகிறது. 2021 பிப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்ட பாதை இது. வடக்கஞ்சேரி வரை கோபுரங்கள் மேலே வருகிறது, அதற்கப்புறம் மண்ணுக்குள் கேபிளாகப் புதைந்து ஓடுகிறது. தன் மாடியில் பகல் முழுக்க மின்சாரம் விளைவிக்கும் பாலக்காட்டுக்காரர், இரவு எட்டு மணிக்கு வெந்நீர்க் குழாயைத் திறக்கும்போது பெரும்பாலும் எங்கோ எரிந்த நிலக்கரியில்தான் குளிக்கிறார்.

இந்த இரவு மின்சாரம்தான் விலை உயர்ந்தது. 2024 மே மாதத் தொடக்கத்தில், வெப்ப அலை அடித்த நாட்களில், மாநிலத்தின் உச்சத் தேவை 5,700 மெகாவாட்டைத் தாண்டியது. மின்சந்தையில் ஒரு யூனிட்டுக்கு வைத்திருக்கும் உச்ச விலை 10 ரூபாய். நாடு முழுக்கத் தேவை எகிறும் இரவுகளில் சந்தை அந்த விலையைத் தொட்டு நிற்பதுண்டு. பகலில், வெயில் ஏறிய வேளையில், அதே சந்தையில் விலை சரிந்து கிடக்கும். கேரளத்தின் மாடிச் சோலார் மட்டுமே 1,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. ஆக, வாரியத்துக்குப் பகலில் மின்சாரம் மிஞ்சுகிறது, மாலையில் பற்றவில்லை.

மாலை நேரத்தைத் தாங்கிப் பிடிப்பது இடுக்கி அணைத் தண்ணீர். மூலமட்டம் மின்நிலையத்தில் ஆறு இயந்திரங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 130 மெகாவாட், மொத்தம் 780. கடைகளில் விற்கும் தொட்டி கெய்சர் பெரும்பாலும் 2 கிலோவாட். 65,000 வீடுகளில் அது ஒரே நேரத்தில் ஓடினால் மூலமட்டத்து இயந்திரம் ஒன்றின் முழு வேலையும் அதற்கே சரியாகிவிடும். மூன்றரைக் கோடிப்பேர் வாழும் மாநிலத்தில் 65,000 வீடு ஒரு பெரிய எண்ணிக்கையா என்ன? அந்தக் கெய்சர்களை மதியத்துக்கு நகர்த்தினால், அவ்வளவு அணைத் தண்ணீரும் இரவில் வேறு வேலைக்கு மிஞ்சும்.

தண்ணீர் எவ்வளவு மின்சாரத்தை விழுங்கும் என்பது பள்ளிக்கூடக் கணக்கு. ஒரு லிட்டரை ஒரு டிகிரி சூடாக்க 1.16 வாட்-மணி. மூணாறில் குளிர்காலத்தில் குழாயில் 15 டிகிரியில் வரும் தண்ணீர் 60 லிட்டரை 60 டிகிரிக்குக் கொண்டுபோக மூன்று யூனிட்டுக்குச் சற்றே கூடுதலாகும். அதைப் பச்சைத் தண்ணீரோடு விளாவினால் 40 டிகிரியில் நூறு லிட்டருக்கு மேல் கிடைக்கும். நாலு பேர் தாராளமாகக் குளிக்கலாம். மூன்று கிலோவாட் பேனல் ஓர் ஆண்டின் சராசரியில் நாளொன்றுக்கு 12 யூனிட்டை ஒட்டித் தரும். அதில் கால்வாசிதான் குளியலுக்கு. இதே மூன்று யூனிட்டைச் சேர்த்துவைக்க லித்தியம் பேட்டரி வாங்கப்போனால் கெய்சர் விலையைப் போலப் பல மடங்கு ஆகும்.

வெயில் ஓரிடம், குளிர் ஓரிடம்

இரண்டு மாவட்டங்களும் தமிழ்நாட்டு எல்லையில்தான் இருக்கின்றன. ஆனாலும் ஒன்றுக்கொன்று அடுத்த வீடு கிடையாது. நடுவில் ஆனைமலை கிடக்கிறது. கொழிஞ்சாம்பாறையிலிருந்து இடுக்கியின் மறையூர் போக நினைப்பவர் பொள்ளாச்சி, உடுமலை என்று தமிழ்நாட்டுக்குள் இறங்கித்தான் சின்னாறு வழியாக மறுபடி கேரளத்துக்குள் ஏறுவார். இந்த ஒரு பயணத்திலேயே மேல்சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் போட வேண்டி வரும்.

பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். மாடியிலிருக்கும் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டியில் மாலை நாலு மணிக்குக் குழாயைத் திறந்தால் கை சுடும். அங்கே வெந்நீருக்கென்று தனியாக ஒரு திட்டமா என்று சிரிப்பார்கள். சிரிப்பு நியாயம்தான், ஆனால் மாசிக்குப் பிறகுதான் நியாயம். மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியாகக் கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்று உதட்டை வெடிக்கவைக்கும். அப்போது விடிகாலையில் பச்சைத் தண்ணீரில் குளிக்க இளவட்டங்களே யோசிப்பார்கள். கைக்குழந்தை, பிரசவம் ஆன பெண், மூட்டுவலிப் பாட்டி இருக்கும் வீட்டில் ஆண்டு முழுக்கவே வெந்நீர் வேண்டும். எண்ணெய்க் குளியலுக்கும் வேண்டும். குடிக்கிற தண்ணீர் மட்டும் இந்தக் கணக்கில் வராது. பதிமுகம் போட்டுக் கொதிக்கவைக்கும் சிவப்புத் தண்ணீர் அடுப்பில்தான் காய வேண்டும். கெய்சர் தண்ணீரைக் குடிக்கக் கூடாது.

மூணாறு வேறு உலகம். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் செண்டுவாரை, லெட்சுமி, குண்டளைப் பக்கங்களில் புல்வெளி வெள்ளையாகிவிடும். வெப்பநிலை பூஜ்யத்தைத் தொட்டுக் கீழேயும் இறங்கும். சுற்றுலாக்காரர்கள் உறைபனியைப் படம்பிடிக்க விடியுமுன்னே வண்டி கட்டி வருவார்கள். அதே நேரத்தில் தேயிலைத் தோட்டத்தின் லயக் குடியிருப்புகளில் பெண்கள் அடுப்பு மூட்டி அலுமினிய அண்டாவில் சுடுதண்ணி வைத்துக்கொண்டிருப்பார்கள். வேலை முடிந்து, கொழுந்து நிறுத்துவிட்டு, நனைந்த உடம்போடு சாயங்காலம் வீடு திரும்பும்போதும் முதலில் தேடுவது அதே அண்டாவைத்தான்.

மலையில் சோலார் எடுபடாது என்று ஒரு பேச்சு உண்டு. பாதிதான் உண்மை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மேகமும் மழையும் பேனலை முடக்கிப்போடும், சந்தேகமில்லை. ஆனால் உறைபனி விழுவது மேகமே இல்லாத இரவுகளில்தான். அந்த இரவுக்கு அடுத்து வருவது பெரும்பாலும் பளிச்சென்ற பகல். சிலிக்கான் பேனலுக்கு வெளிச்சம் வேண்டும், சூடு ஆகாது. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் உற்பத்தி 0.3 முதல் 0.4 விழுக்காடு குறையும். பாலக்காட்டு ஏப்ரலில் பேனலின் உடம்பு 60 டிகிரிக்கு மேல் காய்ந்து, பத்து விழுக்காட்டுக்கு மேல் இழந்து நிற்கும். ஜனவரி மூணாறில் அந்த இழப்பில் பெரும்பகுதி இல்லை. குளிர் அதிகமாக உறைக்கும் மாதத்தில்தான் மலைப் பேனல் நன்றாக உழைக்கிறது.

மழை நிழலில் கிடக்கும் மறையூருக்கு இன்னும் யோகம். சின்னாறு பக்கம் மழையே அபூர்வம். வட்டவடை, காந்தலூர் விவசாயிகளுக்கு வெயிலும் உண்டு, குளிரும் உண்டு, சொந்த வீட்டுக் கூரையும் உண்டு. இந்தத் திட்டத்துக்கென்றே பிறந்த ஊர்கள் என்று தயங்காமல் சொல்வேன். அங்கே இன்றைக்கும் சுடுதண்ணிக்குக் கைகொடுப்பது கிராண்டிஸ் மரத்து விறகு.

வாரியம் வங்கியாக இருக்கும்வரை

நல்லதுதானே, உடனே எல்லோரும் மதியத்தில் கெய்சர் போட வேண்டியதுதானே என்றால், வீட்டுக்காரரின் பணக்கணக்கு குறுக்கே நிற்கிறது.

நெட் மீட்டரிங் இருக்கும் வீட்டில் மதியம் கொடுத்த ஒரு யூனிட், இரவில் ஒரு யூனிட்டாகவே திரும்பக் கிடைக்கிறது. வாரியம் வட்டியும் வாங்காமல் கட்டணமும் பிடிக்காமல் வைத்துக்கொடுக்கும் வங்கி. அந்த வீட்டுக்காரர் கெய்சரை மதியம் போட்டாலும் இரவு போட்டாலும் பில்லில் காசு மாறாது. உபரி மின்சாரத்தை அளந்து கெய்சருக்குத் திருப்பிவிடும் டைவர்ட்டர் என்ற கருவி பிரிட்டனில் பரவலாக விற்கிறது. காரணம், அங்கே வெளியே அனுப்பும் யூனிட்டுக்குக் கிடைப்பதைவிட உள்ளே வாங்கும் யூனிட்டின் விலை பொதுவாக அதிகம். நெட் மீட்டரிங் இருக்கும் கேரள வீட்டுக்கு அதை வாங்கி மாட்டுவது வீண் செலவு. யார் வந்து படம் போட்டுக் காட்டினாலும் சரி.

கணக்கு மாறுவது ஆண்டு முடிவில். சேர்த்துவைத்த யூனிட்டில் மிச்சமிருந்தால் வாரியம் அதற்கு யூனிட்டுக்குச் சுமார் 3 ரூபாய் கொடுத்துக் கணக்கை முடித்துவிடும். அதே யூனிட்டை மேல் அடுக்கில் வாங்கினால் 8 ரூபாய்க்கு மேல். முன்பு இந்தக் கணக்கு அக்டோபரில் தொடங்கிச் செப்டம்பரில் முடிந்தது. கோடையில் சேர்த்ததை மழைக்காலத்தில் தின்று தீர்க்கலாம். பிறகு ஏப்ரல்–மார்ச் என்று மாற்றினார்கள். ஜனவரி முதல் மார்ச் வரை வெயிலில் குவிந்த யூனிட், மழை வருமுன்பே மலிவு விலைக்குக் கரைந்துபோகும் நிலை வந்தது. மழைக்காலத்தில் பேனல் படுத்துக்கொள்ளும் இடுக்கிக்காரருக்கு இதில் அடி அதிகம். அப்படிக் கரையப்போகிற யூனிட்டைத் தண்ணீரில் ஏற்றிவிடுவது புத்திசாலித்தனம். விறகும் கேஸும் மிச்சமாகும்.

அடுத்த அதிர்ச்சி 2025-இல் வந்தது. மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட வரைவு விதிகள், நெட் மீட்டரிங்கை 3 கிலோவாட் வரையுள்ள சிறிய அமைப்புகளுக்குச் சுருக்கப் பார்த்தன. அதற்குமேல் போனால் பேட்டரி வை என்றன. சோலார் வைத்த வீட்டுக்காரர்கள் கொதித்தார்கள். இறுதி விதிகளில் வீடுகளுக்கான வரம்பு தளர்ந்தது. ஆனாலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது தெரிந்துபோயிற்று. பகல் யூனிட்டும் இரவு யூனிட்டும் ஒரே விலை என்ற ஏற்பாடு என்றென்றைக்கும் நிற்காது. பேட்டரி வை என்று சொன்ன ஆணையம், வெந்நீர்த் தொட்டியும் ஒருவகைச் சேமிப்புதான் என்று கணக்கில் எடுத்திருக்கலாம் என்பது என் ஆதங்கம். அதற்கு இறக்குமதிச் செல் எதுவும் வேண்டாம்.

ஏற்கெனவே லாபம் பார்க்கக்கூடியவர்கள் ஏலமலைக் காடுகளுக்குள் இருக்கிறார்கள். பூப்பாறை, உடும்பஞ்சோலைப் பக்கம் தோட்டத்து நடுவில், லைன் கரன்ட்டை நம்ப முடியாமல் பேட்டரியோடு சோலார் வைத்த வீடுகள். காற்று மழையில் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் சாதாரண ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் பாதுகாப்புக்காகத் தானாக நின்றுவிடும். அதனால்தான் அங்கே பேட்டரி. நல்ல வெயில் நாளில் பேட்டரி காலை பதினொன்றுக்கே நிரம்பிவிடும். அதற்குப் பிறகு சார்ஜ் கன்ட்ரோலர் பேனலின் கழுத்தைப் பிடித்துவிடும். விளையக்கூடிய மின்சாரம் விளையாமலே போகும். மீட்டரிலும் ஏறாது, யார் கண்ணிலும் படாது. பல ஹைப்ரிட் இன்வெர்ட்டர்களில் பேட்டரி நிறைந்ததும் ஒரு ரிலேயைத் தட்டிவிடும் வசதி இருக்கிறது. அந்த ரிலேயில் கான்டாக்டர் வழியாகக் கெய்சரைக் கோத்துவிட்டால் வருகிற வெந்நீர் முழுக்க இலவசம்.

டைமர் போதும்

மற்ற வீடுகளுக்கு ஒரு டைமர் போதும். கெய்சர் பாயிண்டுக்கான 16 ஆம்பியர் தாங்குவதாக, எலக்ட்ரீஷியன் கையால் மாட்டியதாக இருக்க வேண்டும். பதினொன்றரையிலிருந்து இரண்டு மணிவரை வைத்தால் போதும், தண்ணீர் 60 டிகிரியைத் தொட்டதும் தெர்மோஸ்டாட் தானே நிறுத்திவிடும். வாளிக்குள் தொங்கவிடும் ஹீட்டர் ராடை மட்டும் டைமரில் போடவே கூடாது. ஆளில்லாத வீட்டில் அது எமன்.

மதியம் காய்ந்தது காலைவரை தாங்குமா? நன்றாகப் பஞ்சு வைத்த, நட்சத்திரக் குறியுள்ள 25 லிட்டர் தொட்டி ஒரு நாளில் சுமார் அரை யூனிட் சூட்டை இழக்கும். மதியம் ஒரு மணிக்கு 60 டிகிரியில் நின்ற தண்ணீர் மறுநாள் காலை ஆறு மணிக்கு 48 வாக்கில் இருக்கும். விளாவிக் குளிக்க அதுவே தாராளம். குடும்பம் பெரிதென்றால் 50 லிட்டர் தொட்டியாக வாங்கலாம், தொட்டி பெரிதாக ஆக சூடு இறங்குவதும் மெதுவாகும். ஆனால் 60-க்குக் கீழே வைத்து மிச்சம் பிடிக்கப் பார்க்க வேண்டாம். வெதுவெதுப்பில் கிடக்கும் தண்ணீரில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரும்.

பாலக்காட்டுக் கிழக்குப் பகுதிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். அங்கே பல போர்வெல்களில் உப்புத் தண்ணீர். கெய்சரைக் கழற்றிப் பார்த்தால் ஹீட்டர் கம்பியின் மேல் வெள்ளை ஓடு தடித்துக் கிடக்கும். உள்ளே தொங்கும் மக்னீசியம் கம்பி, தொட்டி துருப்பிடிக்காமல் இருக்கத் தன்னையே கரைத்துக்கொள்வது. அது தீர்ந்த பிறகும் மாற்றாமல் விட்டால் அடுத்துக் கரைவது தொட்டிதான். வருடம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.

பேனலையும் கெய்சரையும் விட்டுவிட்டு, கண்ணாடிக் குழாய் வைத்த பழைய சோலார் வாட்டர் ஹீட்டரையே வைத்தால் என்ன? நியாயமான கேள்வி. வெயிலை நேரே சூடாக மாற்றுவதில் அது பாதிக்கு மேல் பிடித்துக்கொள்ளும், பேனல் பிடிப்பது ஐந்தில் ஒன்று. இஸ்ரேலில் 1980 முதல் புதிய வீடுகளுக்கு அதைச் சட்டமாகவே ஆக்கியிருக்கிறார்கள். ஆனால் உப்புத் தண்ணீர் அந்தக் குழாய்களையும் அடைக்கும், தகட்டு வகை ஹீட்டர் என்றால் உறைபனி அதன் குழாயை வெடிக்கவைக்கும், மலையில் குரங்குக்குக் கண்ணாடி என்றால் கொண்டாட்டம். எல்லாவற்றுக்கும் மேலே, தொட்டி சூடான பிறகு அது சும்மா நிற்கும். பேனலோ மிச்சத்தை வாரியத்துக்கு அனுப்பும். பணமுள்ள பாலக்காட்டு வீடுகள் ஹீட் பம்ப் பக்கம் பார்க்கலாம். காற்றிலிருக்கும் சூட்டை இழுத்துத் தண்ணீரில் ஏற்றுவதால் ஒரு யூனிட்டில் மூன்று யூனிட் வேலை நடக்கும். மூணாறுக் குளிரில் அந்த லாபம் மெலியும்.

உபரி வெயிலை வெந்நீரில் ஊற்ற ஒரு மாநிலமே முனைந்த கதை தெற்கு ஆஸ்திரேலியாவில் நடக்கிறது. அங்கே கெய்சர்களை நடு இரவில், நிலக்கரி மின்சாரம் மலிவாக இருந்தபோது ஓடவைப்பது பழைய வழக்கம். மாடிகளில் பேனல் நிறைந்து பகல் மின்சாரம் வழியத் தொடங்கியதும், 2020 ஜூலையில் காலை 10 முதல் மாலை 3 வரை கம்பிக் கட்டணத்தை வெகுவாகக் குறைத்தார்கள். கெய்சர்களையும் அந்த நேரத்துக்கு நகர்த்தினார்கள். கேரளமும் தொட்டுப் பார்த்திருக்கிறது. மாதம் 250 யூனிட்டுக்கு மேல் போகும் வீடுகளுக்குப் பகலில் 10 விழுக்காடு குறைவு, மாலை 6 முதல் 10 வரை 25 விழுக்காடு கூடுதல். அதற்குக் கீழே இருக்கும் வீடுகளை இது தொடவே இல்லை. 10 விழுக்காட்டுக்காக யாரும் எழுந்துபோய் டைமர் மாட்ட மாட்டார்கள்.

கூரை யாருடையது

பிரதமர் சூர்ய கர் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. மூன்று கிலோவாட்டோ அதற்கு மேலோ வைத்தால் 78,000 ரூபாய் மானியம். கேரளத்தில் அதற்கு நல்ல வரவேற்பு. ஆனால் சொந்த வீடு, சொந்தக் கூரை உள்ளவருக்கு எழுதிய திட்டம் அது. வெந்நீர் எல்லோரையும்விட அதிகமாகத் தேவைப்படும் தேயிலைத் தொழிலாளிக்கு லயத்துக் கூரை சொந்தமில்லை. தலைமுறை தலைமுறையாக அதே வாசலில் வாழ்ந்தாலும் வேலை முடிந்தால் சாவியைக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டியவர் அவர். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, குடிநீர், கழிப்பிடம், மருத்துவம் எல்லாம் தர வேண்டும் என்றது. குளிக்கச் சுடுதண்ணி அதில் இல்லை.

பத்துக் குடும்பம் இருக்கும் ஒரு லயத்தை எடுத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு 60 லிட்டர் என்றால் குளிர்காலத்தில் நாளொன்றுக்கு 31 யூனிட். எட்டு கிலோவாட் பேனல் போதும். நீண்டு கிடக்கும் லயத்தின் கூரையில் அதற்கு இடம் கேட்டு அலைய வேண்டியதில்லை. குடியிருப்புச் சங்கங்களுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் அதே திட்டத்தில் இருக்கிறது. மின்விநியோகம் செய்யும் நிறுவனமே முன்னின்று தன் நுகர்வோரின் கூரைகளில் பேனல் வைக்கும் முறைக்கும் மத்திய அரசு இடம் கொடுத்திருக்கிறது.

மூணாறில் இது இன்னும் எளிது. கண்ணன் தேவன் மலைத்தோட்டப் பகுதியில் மின்விநியோக உரிமம் வைத்திருப்பது கேரள மின்வாரியம் அல்ல, தோட்டக் கம்பெனியேதான். வாரியத்திடம் மொத்தமாக வாங்கி எஸ்டேட்டுக்குள் விநியோகிக்கிறது. கூரை, கம்பி, மீட்டர் மூன்றும் ஒரே கையில். பாலக்காட்டு வீட்டுக்காரர் போல ஆணையத்தோடும் வாரியத்தோடும் மல்லுக்கட்ட வேண்டியதில்லை. உறைபனி அதிகம் விழும் எஸ்டேட்டில் ஒரே ஒரு லயத்தில் பேனலும் பொதுத் தொட்டியும் வைத்து, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை எத்தனை யூனிட் ஓடியது, எவ்வளவு விறகு மிஞ்சியது என்று ஒரு நோட்டில் குறித்துவந்தாலே, அடுத்த வருடம் மற்ற லயங்களுக்கு எவ்வளவு பணம் ஒதுக்க வேண்டும் என்பது கம்பெனிக்கும் தெரியும், தொழிற்சங்கத்துக்கும் தெரியும்.